செவ்வாய்க்கிழமை புறப்படாத பைலட்

ஒரே ஆள் ஒரே பிளேனில் செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் நாட்டை விட்டுப் போக முடியுமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

முடியும். என் அண்ணன் ஒரு வருடத்துக்குள் ஆறு தடவை அப்படிப் போயிருக்கிறான். மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை. அவன் பைலட், எங்கள் அம்மா மாரியம்மனுக்கு விரதம் பிடிக்கிறவர், அவ்வளவுதான் விஷயம். இந்த இரண்டுக்கும் நடுவில் வருமான வரி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் ஒரு விமானக் கம்பெனியில் வேலை. மாத்தளை டவுனில் நின்று "பைலட் வீடு" என்று சொன்னால் போதும், எந்த ஓட்டோக்காரரும் மேட்டில் ஏற்றி எங்கள் கேட்டுக்கு முன்னால் இறக்கிவிடுவார். அப்பா இரத்தோட்டைப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைந்து மிளகும் கராம்பும் வாங்கி, டவுனில் கடை வைத்து விற்கிறவர். இத்தனை வருட வியாபாரத்தில் ஒருத்தர்கூட "கராம்பு வீடு" என்று சொன்னதில்லை. மகன் ஒரு தடவை யூனிஃபார்மோடு வந்து இறங்கினான், வீட்டுப் பெயரே மாறிவிட்டது. அந்த யூனிஃபார்மும் சும்மா வரவில்லை. பைலட் படிப்புக்கு எடுத்த கடனுக்காக வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் பேங்க்கில்தான் இருக்கிறது.

நான் அவனுக்கு ஏழு வயது இளையவள். காமர்ஸ் டிகிரி முடித்துவிட்டு டவுனில் ஒரு ஓடிட்டரிடம் வேலை பார்க்கிறேன். அதனால் வீட்டில் வரி என்ற சொல் விழுந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் எல்லாம் தெரிந்த மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வேன்.

சட்டம் இதுதான். அண்ணன் வேலை செய்கிற நாட்டில் சம்பளத்துக்கு வரி கிடையாது. இங்கேயும் அவன் கட்ட வேண்டியதில்லை, இங்கே குடியிருக்கும் ஆளாகக் கணக்கில் வராத வரைக்கும். பன்னிரண்டு மாதத்துக்குள் நூற்றி எண்பத்து மூன்று நாள் இந்த நாட்டில் இருந்துவிட்டால் அவன் இங்கே குடியிருப்பவன். அதற்குப் பிறகு உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் இங்கே வரி. முன்பெல்லாம் வெளிநாட்டுக் காசை பேங்க் வழியாகக் கொண்டுவந்தால் பேசாமல் விட்டார்கள். இப்போது அந்தக் கதவையும் சாத்தியாகிவிட்டது.

அண்ணனுடைய பைலட் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் மழை, காற்று பற்றிப் பேசுவதைவிட இதைத்தான் அதிகம் பேசினார்கள். ஒருத்தர் லீவு நாட்களை மாலைதீவில் கழிக்கிறாராம். பொண்டாட்டி பிள்ளைகள் அங்கே போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார்களாம். இன்னொருத்தர் நீர்கொழும்பில் கடலைப் பார்த்து வீடு கட்டிவிட்டு, அதில் சேர்ந்தாற்போல் மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், படுத்ததில்லையாம். அண்ணன் இதையெல்லாம் வாசித்துக் காட்டிச் சிரிப்பான்.

"ஊருக்கு வரப் பயந்து வானத்துலயே சுத்துறானுங்க, நங்கி."

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி, என்னை அப்படித்தான் கூப்பிடுவான். நானும் சிரித்தேன். அப்போது அம்மாவுக்கு ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதை நாங்கள் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் பாதியில் நின்று யாரோடாவது பேசுவார். ஊர்வம்பு பேசத்தான் நிற்கிறார் என்று நானும் அப்பாவும் கேலி செய்தோம். பிறகு, பேச ஆள் இல்லாத இடத்திலும் நிற்கத் தொடங்கினார்.

கண்டியில் டாக்டர் படம் பிடித்துப் பார்த்தார். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. மாற்ற வேண்டும். ஆனால் அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, இருந்தது, அது கட்டுக்குள் வரும்வரை கத்தி வைக்க முடியாது என்றார். அந்தக் காத்திருப்புத்தான் ஒரு வருடமாக நீண்டது.

அண்ணன் யாரையும் கேட்கவில்லை. கம்பெனியில் பேசி அரைச் சம்பள ரோஸ்டருக்கு மாறிவிட்டான். ஏறக்குறைய ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு. மத்தியானத்தில் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் இறங்கி, இருட்டுவதற்குள் வேனில் வந்து சேருவான். வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்க மாட்டான். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பான், ஏதோ மீட்டர் வாசிக்கிற மாதிரி.

"என்னடா அப்பிடி பாக்குற? நான் என்ன ஒன் பிளேனா?" என்பார் அம்மா.

"பிளேனா இருந்தா இந்நேரம் கழட்டிப் பாத்திருப்பேன்."

"கழட்டத்தானே போறாங்க. பொறு."

இப்படித்தான் எங்கள் வீட்டுப் பகிடி இருந்தது.

இனி, அந்தச் செவ்வாய்க்கிழமை. அண்ணனுக்கு வேலை பெரும்பாலும் வியாழக்கிழமைதான் தொடங்கும். ஓய்வெடுக்க ஒரு நாள் முன்னதாகப் போக வேண்டும் என்றால் செவ்வாய் மாலை ஃப்ளைட் சரியாக இருக்கும். அம்மா விடவே மாட்டார். செவ்வாய்க்கிழமை பிள்ளையை வெளியூருக்கு அனுப்பினால் போன பிள்ளை திரும்பாது என்பது அவர் முடிவு. யார் சொன்னார்கள், எங்கே நடந்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு தடவையும் நடுச்சாமம் தாண்டிப் புறப்படுகிற ஃப்ளைட்டில்தான் டிக்கெட். மாத்தளையிலிருந்து செவ்வாய் மாலையே வேன் கிளம்பிவிடுமே, அது கணக்கில் இல்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வீட்ட விட்டு எறங்குறது பொறப்பாடு இல்ல. இந்த மண்ண விட்டுக் கால எடுக்குறதுதான் பொறப்பாடு," என்றார்.

நல்ல வசதியான சாஸ்திரம் என்று நினைத்தேன். வரிச் சட்டமும் அதையேதான் சொல்கிறது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

போன மாதம் அம்மாவின் சீனி ஒரு நிலைக்கு வந்தது. ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள், ஒரு புதன்கிழமை. கொழும்பிலிருந்து அந்த ஸ்பெஷலிஸ்ட் மாதத்தில் ஒரு புதன்தான் கண்டியில் இந்த பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு வருவார். அடுத்த மாதம் பார்க்கலாமா என்று அப்பா மெல்ல இழுத்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்த மாசத்துக்கு நான் பொறுப்புச் சொல்ல மாட்டேன்," என்றார்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உள்ளே கொண்டுபோகும்போது அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றால்தான் படுப்பாராம்.

"நிப்பேம்மா," என்றான் அண்ணன். "நாளெல்லாம் எண்ணித்தான் வச்சிருக்கேன். ஆப்பரேஷன் நாள்ல இருந்து எண்ணுனா ஆறு நாள் மிச்சம் இருக்கு. ஆப்பரேஷன் முடிஞ்சு, ஒங்கள வார்டுக்குக் கொண்டாந்து, கஞ்சி குடிக்க வச்சிட்டுத்தான் போவேன்."

அந்த ஆறு நாள்தான் எங்களுக்கு எல்லாம்.

ஆப்பரேஷனுக்கு முந்திய சனிக்கிழமை. நான் வேலை பார்க்கிற ஓடிட்டர் அம்மாவைப் பார்க்க வந்தார். சிங்களவர், வயதானவர், அப்பாவின் கடைக் கணக்கையும் அவர்தான் பார்க்கிறார். கையில் ஒரு குலை தெம்பிலி இளநீர். முன் அறையில் அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தார், முதுகுக்கு இரண்டு தலையணை. அப்பா வெளியே சீமெந்துத் தரையில் காயப்போட்ட கராம்பைக் கிளறிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நான் எல்லோருக்கும் பால் இல்லாத பிளேன்டி கொடுத்தேன்.

"தம்பி, நாள் எல்லாம் சரியா?" என்று கேட்டார் ஓடிட்டர்.

"பக்காவா இருக்கு சேர். புதன்ல இருந்து ஆறு நாள் மிச்சம்." அண்ணன் ஃபோனை எடுத்து அவனுடைய ரோஸ்டர் ஆப்பைத் திறந்து காட்டினான். வேலைக்குப் போவது, வருவது, வீட்டுக்கு வருவது, எல்லாமே அதற்குள்தான்.

"வந்த நாளும் நாள். போன நாளும் நாள். சேத்தீங்கதானே?"

"நங்கி மொதல்லயே சொல்லிட்டா சேர். ரெண்டையும் சேத்துத்தான்."

"ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். "எங்க, போன தேதி எல்லாம் ஒருக்கா வாசிங்க. எங்கட வேலையே ரெண்டாவது தரம் பாக்குறதுதானே."

அண்ணன் வாசித்தான். தேதி, கிழமை, தேதி, கிழமை. செவ்வாய். அதற்கு முந்தியதும் செவ்வாய். அதற்கு முந்தியதும்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

"யாரு செவ்வாய்க்கெழம போனது?"

"நாந்தாம்மா."

"எந்த வீட்டுல இருந்து போன? இந்த வீட்டுல இருந்து எந்தப் புள்ளையும் செவ்வாய்க்கெழம போகல."

அப்பா வாசற்படியிலிருந்து சிரித்தார். "ஆரம்பிச்சிட்டா. சேர், நீங்க டீயக் குடிங்க."

"சிரிக்காதீங்க. ஒவ்வொரு வாட்டியும் டிக்கெட்ட எடுத்துக் காட்டச் சொல்லி, புதன் பொறந்த பொறவுதான் பிளேன் தூக்குதான்னு பாத்துத்தானே அனுப்புனேன்?"

"ஆப்புல செவ்வாய்னுதாம்மா இருக்கு."

"அப்ப ஒன் ஆப்பு பொய் சொல்லுது."

"பொய் இல்லம்மா." அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற சிரிப்பு. "பைலட்டுங்களுக்கு ஒலகம் பூரா ஒரே மணி. ஸூலு டைம்னு சொல்லுவோம். நம்ம மணில இருந்து அஞ்சரைய கழிச்சிரணும். இப்ப, இங்க புதன் வெடியக்காலம் மூணு மணிக்கு பிளேன் தூக்குதுன்னு வைங்க, ஸூலுல அது செவ்வாய் ராவு ஒம்பதரை…"

அங்கேயே நின்றுவிட்டான்.

வாய் திறந்தபடி இருந்தது. கண் மட்டும் ஃபோனில். ஓடிட்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

வருவது மத்தியானம், அதில் பிசகு இல்லை. ஸூலுவிலும் அதே தேதிதான். போவது ஒவ்வொரு தடவையும் நடுச்சாமத்துக்குப் பிறகு. ஆப் அதை முந்தின நாளில் போட்டிருக்கிறது. அம்மா அவனைப் புதன்கிழமைக்குள் தள்ளிவிட்டார், அவனுடைய மணிக்கூடு அவனைத் திருப்பிச் செவ்வாய்க்குள் இழுத்துப் போட்டுவிட்டது. ஒவ்வொரு போக்குக்கும் ஒரு நாள். ஆறு போக்கு, மிச்சம் என்று நினைத்த ஆறு நாளும் காலி.

நான் அலமாரியைத் திறந்து அவனுடைய பாஸ்போர்ட்டை எடுத்து வந்தேன். ஏர்போர்ட்டில் அடித்த முத்திரைகள், இந்த ஊர்த் தேதியில், ஒன்று விடாமல் எல்லாமே புதன். அம்மா சொன்னபடியே.

"மை காட்," என்று அண்ணன் இங்கிலீஷுக்கு மாறினான். அவனும் நானும் ஓடிட்டரும் அதற்குப் பிறகு இங்கிலீஷில்தான் பேசினோம். அம்மாவுக்குப் புரியக் கூடாத எதையும் எங்கள் வீட்டில் இங்கிலீஷில்தான் பேசுவோம். ஓடிட்டர் விரல் விட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார். வருகிற செவ்வாயோடு நூற்றி எண்பத்து இரண்டு. புதன்கிழமை பிறக்கும்போது அண்ணன் இந்த மண்ணில் இருந்தால் முடிந்தது.

எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஓடிட்டர் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், நிதானமாக, என்ன நடந்தது என்று கேட்டார்.

அந்த மனுஷனால் பொய் சொல்ல முடியவில்லை. சிங்களத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இங்கிலீஷில் பேசியது வீண்.

அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. "ஒரு நாள்தானே சேர்? ஒரு நாளைக்கு எவ்வளவு வரி வந்துறப் போகுது?"

"ஒரு நாளைக்கு இல்ல முதலாளி. அந்த ஒரு நாளால வருஷம் பூராவுக்கும்."

"சொல்லாம விட்டா?"

"விடலாம். இன்னைக்கு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. முத்திரை எல்லாம் கம்ப்யூட்டர்ல கெடக்குது. ரெண்டு வருஷம் கழிச்சுக் கேப்பாங்க, தண்டப்பணத்தோட."

அப்பா எழுந்து வெளியே போனார். கராம்பைக் கிளறுகிற சத்தம் கேட்டது. இப்போதுதான் கிளறிவிட்டு வந்திருந்தார்.

ஓடிட்டர் தோராயமாக ஒரு தொகை சொன்னார். நான் அதை இங்கே எழுதவில்லை. அரைச் சம்பளத்தில் பேங்க் கடனையும் கட்டிக்கொண்டு அண்ணன் ஆப்பரேஷனுக்கென்று சேர்த்து வைத்திருந்தது, மருந்துக்கும் பிறகு பார்க்கிறதுக்கும் ஒதுக்கியது, எல்லாம் அதற்குள் போய்விடும். மிச்சம் பேங்க்கில் இருக்கிற உறுதிப் பத்திரம்தான்.

"போயிட்டு அடுத்த நாளே வந்தா?" என்றேன் நான்.

"வந்தா அதுவும் ஒரு நாள். பழைய நாள் எல்லாம் பன்னெண்டு மாசம் தாண்டிக் கழியணும் மகள். அதுக்கு இன்னும் ரெண்டு மூணு கிழமை இருக்கு. அதுவரைக்கும் தம்பி கால் வைக்கக் கூடாது."

அவர் போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தெம்பிலிக் குலை மேசையிலேயே கிடந்தது. யாரும் வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்ணன் முற்றத்தில் நடந்தான். மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. அப்பா வானத்தைப் பார்ப்பதும் கராம்பை அள்ளச் சாக்கை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார். அந்தக் காரமான மணம் வீடு முழுக்க. அம்மாவுக்கு அது மூச்சு முட்டும் என்று ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம்.

"நான் போகல," என்றான் அண்ணன். "வரி வந்தா வரட்டும். லோன் போடுவேன்."

"எதக் காட்டி லோன் போடுவ? என்னையவா?" என்றார் அப்பா.

"பிளேன்ல நாங்க எப்பவும் இன்னொரு ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கும் சேத்து எண்ணெய் வச்சிருப்போம்பா. எறங்க வேண்டிய எடத்துல எறங்க முடியாட்டி அங்க போகலாம். இதுல அது இல்ல. ரெண்டு பக்கமும் மல."

"பெரிய பைலட்டு. மணி பாக்கத் தெரியல."

அதை அப்பா சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டான்.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். இரண்டு தடவை கூப்பிட முடியாது அவரால், அதனால் முதல் சத்தத்துக்கே மூன்று பேரும் ஓடினோம்.

"எப்ப போகணும்?"

"போகலம்மா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"செவ்வாய் ராத்திரிக்குள்ள."

"பகல்ல பிளேன் இருக்கா?"

"அம்மா, செவ்வாய்க்கெழம."

"எனக்குக் கெழம தெரியாதா? ஒனக்குத்தான் தெரியல."

அண்ணன் கட்டில் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் கதவுகிட்ட நின்னாத்தான் படுப்பேன்னு சொன்னது நீங்கதானே?"

"படுக்குறேன் போ. தங்கச்சி நிப்பா. அவ நின்னா கதவு தொறக்காதா என்ன?"

அப்போது அப்பா வாயைத் திறந்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அம்மாவின் செவ்வாய்க்கிழமையைக் கேலி செய்தே பொழுதைப் போக்கிய மனுஷன். ராகு காலத்தில் கடை திறந்து காட்டுகிறவர்.

"செவ்வாய்க்கெழம வேணாம்டி," என்றார். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "புள்ள இருக்கட்டும். கடைய வித்துக் கட்டுவோம். செவ்வாய்க்கெழம மட்டும் அனுப்ப வேணாம்."

அம்மா அவரையே பார்த்தார். சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நீங்க போய்க் கராம்ப அள்ளுங்க. மழ வருது," என்றார்.

மழை உண்மையிலேயே வந்தது. நாங்கள் பாதியைத்தான் அள்ளினோம்.

செவ்வாய் காலையில் வேன் வந்தது. பின்நேர ஃப்ளைட்டில் இடம் கிடைத்திருந்தது. வழக்கமாக அண்ணன் போகும்போது அம்மா செய்கிற வேலைகள் ஒரு பட்டியல் நீளம்: திருநீறு, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம், எதிரே யார் வருகிறார்கள் என்று ரோட்டைப் பார்ப்பது, ஒற்றைப் பொம்பளை வந்தால் ஐந்து நிமிடம் வேனை நிறுத்துவது. இந்தத் தடவை ஒன்றும் இல்லை. நான் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"வை அத. செவ்வாய்க்கெழமைக்கு அது வேற கேக்குதா?" என்றார்.

கேட் வரைக்கும் நடந்தே வருவேன் என்று அடம்பிடித்தார். நானும் அப்பாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். கேட்டில் நின்று மூச்சு வாங்கினார். அண்ணன் குனிந்து காலைத் தொட்டான். நிமிரவே இல்லை. அம்மா அவன் முதுகில் தட்டினார்.

எங்கள் வீட்டில் யார் கடைக்குப் போனாலும் "போயிட்டு வா" என்றுதான் சொல்வோம். வெறும் "போ" என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும், திரும்பக் கூப்பிட்டு ஒழுங்காகச் சொல்ல வைப்பார். அன்றைக்கு வேன் ஸ்டார்ட் ஆனது, அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தான். அவர் சொல்லட்டும் என்று நாங்கள் எல்லோருமே காத்திருந்தோம்.

"பாத்துப் போ," என்றார் அம்மா.

அவ்வளவுதான். வர வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிற பிள்ளையிடம் "வா" என்று எப்படிச் சொல்வது? அப்பா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். வேன் மேட்டில் இறங்கி ரயில் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்பியது.

பின்நேரம் அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போகிற வழியில் அண்ணன் ஏர்போர்ட்டிலிருந்து முத்திரை அடித்த பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். அதில் செவ்வாய். எந்த நாட்டு மணியில் பார்த்தாலும் செவ்வாய்.

இன்று புதன்.

காலையில் உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அண்ணன் வீடியோ கோலில் வந்தான். அந்த ஊர் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், முகம் வீங்கியிருந்தது. அவனுக்கு இன்றைக்கு ஓய்வு, நாளைக்குத்தான் வேலை. சும்மா அறைக்குள் இருக்கப் போகிற ஆளை நாங்கள் நாட்டை விட்டு அனுப்பியிருக்கிறோம். அம்மா பச்சை உடுப்பில், தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு, ஃபோனைத் தூரத்தில் பிடித்து அவனைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"பொய். கேளு, எல்லாம் முடிஞ்சு ரெண்டு மூணு கிழம கழிச்சு வா. அதுக்கு முந்தி வந்துறாத. நான் போயிட்டா மட்டும் வா. அந்த ஒரு நாளுக்கு வரியக் கட்டிக்கலாம்."

நர்ஸுக்குத் தமிழ் தெரியும் போல. சிரித்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் பக்கம் படம் அசையாமல் நின்றது. லைன் கோளாறா, அவனே அப்படி உட்கார்ந்திருந்தானா, தெரியவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். ட்ரொலியில் போகும்போது அம்மா தலையைத் திருப்பி நான் நிற்கிற இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த இடத்தைப் பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது.

அப்பா எதிர் பெஞ்சில் இருக்கிறார். சட்டையில் இன்னும் கராம்பு மணக்கிறது. ஒரு நர்ஸ் இரண்டு தடவை வெளியே வந்து ஓடினாள், இரண்டு தடவையும் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பிறகு வந்த ஒரு குடும்பம் அவர்களுடைய ஆளை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அண்ணன் கால் மணிக்கு ஒருமுறை மெசேஜ் போடுகிறான். முதலில் "என்ன ஆச்சு" என்று கேட்டான். பிறகு வெறும் கேள்விக்குறி. இப்போது கடைசியாக வந்திருப்பது, "டிக்கெட் பாக்கவா?"

நான் இன்னும் பதில் போடவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இதைத்தான் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். காரிடாரில் லைட் போட்டுவிட்டார்கள்.